எல்லைக்குள் ஒரு கட்டில்

மதினி,

இன்று காலை அம்மா பரணிலிருந்து உன் தலையணையை இறக்கி என் காலுக்கு அடியில் வைத்தாள். இலவம்பஞ்சு. வெயிலில் காயப்போட்டிருக்கிறாள், கையால் தட்டியிருக்கிறாள், உறை மாற்றியிருக்கிறாள். ஆனாலும் நடுவில் ஒரு பள்ளம். உன் கால் செய்த பள்ளம். என் கால் அதில் சரியாகப் பொருந்தியது.

“சொகமா இருக்கா?” என்றாள்.

இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன். மல்லாந்து படுத்தபடி, கைபேசியை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு. கை வலித்தால் நிறுத்துவேன். பிறகு தொடர்வேன்.

என் கால் உடைந்ததில் கதை எதுவும் இல்லை. கல்லூரியில் வகுப்பு எடுத்து முடித்து ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன். திருப்பத்தில் மணல். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகிவிட்டது. தேனியில் தகடு வைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் என்னை எங்கே படுக்க வைப்பது என்று யாரும் பேசவில்லை. முன்னறை. ஜன்னலோரக் கட்டில். நீ படுத்திருந்த கட்டில். வேறு இடம் இல்லை என்பது உண்மைதான். உண்மையாக இருப்பதால் பயம் குறையவில்லை.

நான் பிறந்தபோதே நீ எனக்கு மதினி. மாமன் மகள். பிறகு அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்து இந்த வீட்டுக்குள்ளேயும் மதினியானாய். “ரெண்டு தடவ மதினி. மரியாதையும் ரெண்டு மடங்கு குடுக்கணும் நாத்துனா” என்பாய். நான் ஒரு மடங்குகூடக் கொடுத்ததில்லை. நீ, வா, போ என்றுதான் கூப்பிட்டேன். இப்போதும் அப்படித்தான் எழுத வருகிறது.

உன் கால் திராட்சைப் பந்தலில் போனது. சித்திரை மாதத்துக் கோடைக் காற்று. கம்பிகளில் காய் பழுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பாரத்தில் ஓரத்துக் கம்பி அறுந்தது. ஒரு கல்தூண் சாய்ந்தது. அது அடுத்ததை இழுத்தது. எல்லோரும் வெளியே ஓடினார்கள். நீ உள்ளே ஓடினாய், பழம் அறுத்து வைத்த பெட்டிகளை இழுக்க.

“கல்லு சாயுறதப் பாத்தேன்டி. பழம் கெடக்கே, விட்டுட்டா ஓட முடியும்?”

இதை நீ ஆஸ்பத்திரியில் சிரித்துக்கொண்டே சொன்னாய். அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டான்.

வீட்டுக்கு அனுப்பும்போது அந்த டாக்டர் பேசியது எனக்கு நினைவிருக்கிறது. சின்னப் பெண். என் வயதுதான் இருக்கும். வரிசையில் இன்னும் பலர் நின்றார்கள், அதனால் வேகமாகச் சொன்னார்.

“கால் விரல ஆட்டிக்கிட்டே இருங்க. தண்ணி நெறையக் குடிங்க. கெண்டைக்கால எண்ணெய் போட்டுத் தேய்க்கக் கூடாது. அங்க வீக்கமோ வலியோ வந்தா உடனே கூட்டிட்டு வாங்க. ரத்தம் உறைஞ்சிருக்கலாம். மூச்சு வாங்குச்சுன்னா ஒரு நிமிஷம்கூட நிக்காதீங்க.”

எல்லோரும் தலையாட்டினோம். அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “ஆட்டுக்கால் சூப்பு குடுக்கலாமா டாக்டரம்மா?”

அவர் சிரித்தார். “குடுங்க.”

அந்த ஒரு சொல்லைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

உன்னை எவ்வளவு சுகமாக வைத்திருந்தோம், மதினி. திரும்பத் திரும்ப அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். போர்வை விரலில் உரசுகிறது என்று நீ முகம் சுளித்தாய். உடனே அண்ணன் திராட்சை அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து, இரண்டு பக்கம் வெட்டி, உன் பாதத்தின் மேல் குகைபோலக் கவிழ்த்தான். போர்வை அதன்மேல் கிடந்தது, உன்மேல் படவில்லை. தொடைக் கட்டுக்குள் அரித்தால் சொருக ஈர்க்குச்சி. கைக்கெட்டும் உயரத்தில் சார்ஜர். காலையில் சூப்பு, மதியம் பிரண்டைத் துவையல், சாயங்காலம் மறுபடி சூப்பு.

“அத்தை, இப்டியே ஊத்துனீகன்னா எனக்கு நாலு காலு மொளைச்சிரும். பொறவு பட்டியிலதான் அடைக்கணும்.”

“மொளைக்கட்டும். நாலு காலும் தோட்டத்துல வேல செய்யும்” என்றாள் அம்மா.

உனக்கு அந்தப் படுக்கை பிடித்திருந்தது. அதைச் சொல்லிவிட வேண்டும். அப்போது மதுரையில் இருந்த நான் திருவிழாவுக்கு மறுபடி வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீ மேலே பார்த்துக்கொண்டே சொன்னாய்:

“இந்த வீட்டுக்கு வந்து இம்புட்டு வருசமாச்சு. மேல ஒரு உத்தரம் ஓடுதுன்னு இப்பத்தான்டி பாக்குறேன்.”

படுக்க உனக்கு அனுமதி கிடைத்தது அப்போதுதான். தூண் விழுந்து கிடைத்த அனுமதி. அதை நீ சீக்கிரம் திருப்பிக் கொடுக்க விரும்பவில்லை. காலை அசைத்தால் வலித்தது. அசைக்காமல் இருந்தால் வலிக்கவில்லை. அசைக்காமல் இருந்தாய். டாக்டர் சொன்ன விரலாட்டத்தை நான் நினைவுபடுத்தினால், அட்டைக் குகைக்குள் ஒரு தடவை ஆட்டிக் காட்டிவிட்டு, “போதுமா டீச்சரு?” என்பாய்.

தண்ணீரும் குடிக்கவில்லை. குடித்தால் படுக்கையிலேயே ஒன்றுக்குப் போகவேண்டும். பாத்திரத்தை அம்மா எடுத்துப் போகவேண்டும். அது உன்னால் முடியவில்லை. சொம்பை வாயில் வைத்து உதட்டை மட்டும் நனைத்துவிட்டுக் கீழே வைப்பாய்.

“அத்தை கையில அதத் தூக்கக் குடுக்குறதுக்கு நான் நாக்கு வறண்டே செத்துருவேன்டி.”

நான் சிரித்தேன். அது சிரிப்பதற்காகச் சொன்னதுதான்.

பிறகு ஊரில் காப்புக் கட்டினார்கள்.

உனக்குத் தெரிந்ததை உனக்கே சொல்கிறேன், எழுதிப் பார்ப்பதற்காக. அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊர்க்காரர் யாரும் எல்லைக்கு வெளியே இரவு தங்கக்கூடாது. பகலில் எங்கு வேண்டுமானாலும் போகலாம். இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். கல்யாண வீடு, வியாபாரம், ஏலக்காய் மலை, எதுவாக இருந்தாலும். தங்கினால் அந்த வீட்டுக்குக் குற்றம், ஊருக்கும் குற்றம். சின்ன வயதிலிருந்து நமக்குத் தெரியும். யார் சொல்லித் தெரியும் என்று தெரியாது. அண்ணன் அந்த வருடம் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தான். தீச்சட்டி எடுப்பதாக வேண்டுதல். உன் கால் சரியாக வேண்டும் என்று.

காப்புக் கட்டிய மறுநாள் நீ என்னைக் கூப்பிட்டு, “கெண்டக்கால் கல்லு கணக்கா இருக்குடி” என்றாய்.

அம்மா வந்து தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. வீங்கியும் இருந்தது. தேனிக்குப் போனால் படுக்க வைத்துவிடுவார்கள், அன்றே விட மாட்டார்கள். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அண்ணன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். நீதான் அவனைக் காப்பாற்றினாய்.

“திருவிழா முடியட்டும். கால் எங்க ஓடிப் போகப் போகுது? ஓடுனாத்தான் நல்லதாச்சே.”

எல்லோரும் சிரித்தார்கள். முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சின்னம்மா குமுளியில் வாங்கிய தைலக் குப்பியோடு வந்தாள். மகளை அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்தவள், பாதிப் பேச்சு மலையாளம்.

“தேய்க்கக் கூடாதுன்னாகளே” என்றேன்.

“அது ஒடிஞ்ச எடத்துலடி. இது கெண்டக்கால்தான? ஒரு கொழப்பமும் இல்ல. கட்டுன ரத்தம் கலைஞ்சு ஓடிரும்.”

ஓடியது.

அவள் தேய்க்கும்போது நீ கண்ணை மூடிக்கொண்டாய். “சொகமா இருக்கு சின்னம்மா” என்றாய். பொய் சொல்லவில்லை. உன் முகத்தை நான் பார்த்தேன்.

தீச்சட்டி அன்று மத்தியானம். தெரு முழுக்க வேப்பிலை, தண்ணீர், உறுமிச் சத்தம். அண்ணன் சட்டியோடு நம் வீட்டைக் கடக்கும்போது பார்ப்பதற்காக உன்னைச் சாய்த்து உட்கார வைத்தோம். நீ ஜன்னல் கம்பியைப் பிடித்தாய். “மூச்சு வாங்குது, கதவத் தொற” என்றாய். ஜன்னல் கதவு திறந்துதான் இருந்தது. அவன் தெருமுனையில் திரும்பினான். நீ அவனைப் பார்த்தாயா, இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவன் கேட்கும்போதெல்லாம் பார்த்தாய் என்றுதான் சொல்கிறேன்.

காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது என்றார்கள். ஒரே வரி. அந்த வரிக்குள் கெட்டவர் யாரும் இல்லை. சூப்பு இருக்கிறது, அட்டைப்பெட்டி இருக்கிறது, தைலம் இருக்கிறது, மஞ்சள் கயிறு இருக்கிறது. நான் படித்த படிப்பை வைத்து எதை எடுத்துப் பார்த்தாலும், அன்பாக இல்லாத ஒரு பொருள் அந்த அறையில் அகப்படவில்லை.

இப்போது அதே அறை. அதே மாதம். நேற்றுக் காப்புக் கட்டியாகிவிட்டது.

நீ போன பிறகு அண்ணன் கோயில் பக்கமே போகாமல் இருந்தான். நேற்று குளித்துவிட்டுப் போனான். வரும்போது மணிக்கட்டில் கயிறு. என் கட்டிலருகே நின்று, “ஒனக்காகத்தான் பாப்பா” என்றான். நான் அந்தக் கயிற்றையே பார்த்தேன். மனதில் எழுந்தது நன்றியா, வேறு ஏதாவதா, தெரியவில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன். நான் எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். தண்ணீர் குடித்தேன். பாத்திரத்தை அம்மா கையில் வெட்கமில்லாமல் கொடுத்தேன். விரலை ஆட்டினேன். தைலம் என்ற பேச்சையே இந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. ஆனாலும் இன்று விடிந்ததிலிருந்து கெண்டைக்கால் இறுகிக்கொண்டு வருகிறது. முதலில் நினைப்பு என்றிருந்தேன். உன் கட்டில், உன் மாதம், மனம் செய்யும் வேலை என்று. விரலால் அழுத்தினேன். மனம் அவ்வளவு கெட்டியாக இருக்காது.

அம்மா அடுக்களையில் இருக்கிறாள். அண்ணன் முற்றத்தில். நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அவன் மணிக்கட்டைப் பார்ப்பான். அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. நீ ஏன் அன்று சிரிக்க வைத்தாய் என்று இப்போது புரிகிறது. எனக்கும் ஒரு வேடிக்கைப் பேச்சு நாக்கு நுனியில் தயாராக இருக்கிறது.

சொல்லப்போகிறேன். நிறுத்துகிறேன்.

தேனியிலிருந்து எழுதுகிறேன். வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கிறது.

“அண்ணே, கெண்டக்கால் வலிக்குது” என்றேன். வேறு எதுவும் சேர்க்கவில்லை. அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். அண்ணன் வந்து போர்வையை விலக்கினான். இரண்டு காலையும் மாறிமாறிப் பார்த்தான். இடதைவிட வலது பருத்திருந்தது. தொடவில்லை. பிறகு நான் பயந்தபடியே மணிக்கட்டைப் பார்த்தான். போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். “மறுபடியுமா” என்றாள். என்னிடம் சொல்லவில்லை. யாரிடம் சொன்னாள் என்று தெரியும். சற்று நேரத்தில் எழுந்து அடுக்களைக்குப் போய் அடுப்பை அணைத்தாள். அங்கேயே அழுதாள்.

அண்ணன் ஜன்னலுக்கு வெளியே நின்று போன் பேசினான். அம்மாவுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கம்பிக்கு அந்தப் பக்கம்தான். அந்த முனையில் பேசியவர் உரக்கப் பேசுபவர். கோயில் பூசாரி.

“பூசாரியண்ணே, தங்கச்சிக்குக் கால் வீங்கியிருக்கு. தேனிக்குக் கொண்டுபோகணும். ராத்தங்க வேண்டி வரும். நான் காப்புக் கட்டியிருக்கேன்.”

“இதக் கேக்கவா போன் அடிச்ச? கூட்டிட்டுப் போப்பா மொதல்ல.”

“இல்லண்ணே, எல்லை…”

“எல்லையில ஒரு எலுமிச்சம்பழத்த வச்சுட்டுப் போ. ஒனக்கும் அதான், அந்தப் புள்ளைக்கும் அதான். நோய்நொடின்னு போறவுகள ஆத்தா என்னைக்கு மறிச்சா?”

அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்தான்.

“எப்பவும் அப்டித்தானா அண்ணே?”

“எப்பவும்தான். எங்கப்பா காலத்துலயே அப்டித்தான் விட்டாக. ஏன், ஒங்களுக்குத் தெரியாதா?”

அண்ணன் போனைக் காதிலிருந்து இறக்கினான்.

“என்னப்பா? லைன்ல இருக்கியா?”

அவ்வளவுதான், மதினி. அரை நிமிடம் இருக்குமா? அடுத்த தெருவில் இருக்கிறவர். அன்றும் அடுத்த தெருவில்தான் இருந்தார். தெரிந்த விஷயத்தை யாராவது போய்க் கேட்பார்களா? அதனால் யாரும் கேட்கவில்லை. ஊரே மதித்த ஒன்றின் மறுபாதி ஒரு எலுமிச்சம்பழமாக இருந்திருக்கிறது.

அவன் உள்ளே வரும்போது முகம் வேறாக இருந்தது. அவர்கள் பேசியதை நான் கேட்டுவிட்டேன் என்பது அவனுக்குத் தெரிந்தது. அடுக்களை வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னான்:

“நான் கூட்டிட்டுப் போறேன். காப்பும் கயிறும் கெடக்கட்டும். வர்ற பழி என் தலையில வரட்டும்.”

அம்மா தடுக்கவில்லை. கைகூப்பிக்கொண்டு வாசல்வரை வந்தாள். “நீங்க போங்க. வீடு பூட்டிக் கெடக்கக் கூடாது. ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்” என்றாள். என் நெற்றியில் திருநீறு பூசினாள். அவளுக்கு நாங்கள் தெய்வத்தை மீறிப் போகிறோம். என்னைக் காப்பாற்றுவதற்காகத் தெய்வத்தோடு பகைக்கத் துணிந்துவிட்டாள். அன்று உனக்காக முடியாதது இன்று எனக்காக முடிந்திருக்கிறது. மருமகளுக்கும் மகளுக்கும் உள்ள தூரமா அது? ஒரு தடவை சாவைப் பார்த்த வீட்டின் பயமா? நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லியிருக்க மாட்டாய்.

பின் இருக்கையில் காலை நீட்டிப் படுத்திருந்தேன். எல்லைக்கல்லில் அண்ணன் வண்டியை நிறுத்தினான். இறங்கிக் குனிந்தான். பழம் வைக்க எவ்வளவு நேரமாகும்? அவன் நிமிரவில்லை. அவன் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது, சட்டை குலுங்குவதும். பின்னால் வந்த வாழைத்தார் லாரி ஹாரன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அவன் வந்து உட்கார்ந்து, முகத்தைத் துடைக்காமல் வண்டியை எடுத்தான். 

ஸ்கேனில் ரத்தக்கட்டி தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே. ஊசி போட ஆரம்பித்துவிட்டார்கள். நேரத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டர். சரியாகிவிடுமா என்று அண்ணன் கேட்டதற்கு, பார்ப்போம் என்றார். நகரக்கூடியது, அதனால் கவனிக்க வேண்டும் என்றார். எனக்குள் எங்கோ ஒரு சின்னக் கறுப்பு, போவதா இருப்பதா என்று இன்னும் தீர்மானிக்காமல். ஒவ்வொரு மூச்சையும் பாதியில் நின்று கவனிக்கிறேன். இதுவரை முழுதாக வருகிறது.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணன், நான் கேட்காமலே சொன்னான்: “பூசாரி சொன்னத அம்மாட்டச் சொல்லாத.”

“சரிண்ணே.”

“தாங்க மாட்டா.”

அவன் தாங்குகிறானா என்று நான் கேட்கவில்லை. அவன் மணிக்கட்டுக் கயிறு நனைந்து மஞ்சள் கசிந்திருந்தது. கழற்றவில்லை.

சற்றுமுன் அம்மா போன் செய்தாள்.

“சாப்ட்டியாம்மா?” என்றேன்.

“நீங்க வந்து சேர்ற வரைக்கும் பச்சத்தண்ணிதான். இங்கன வெளக்கேத்தி வச்சு ஒக்காந்துருக்கேன். ஆத்தா கோவிச்சுக்கிருவாளாடி?”

“மாட்டாம்மா.”

“ஒனக்கு எப்டித் தெரியும்?”

அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

“தெரியும்மா. நீ சாப்பிடு.”

 பின்னால் தெருவில் உறுமி கேட்டது. பிறகு, தனக்குத்தானே பேசுகிறவள் போலச் சொன்னாள்:

“அன்னைக்கும் நாம கூட்டிட்டுப் போகத்தான் நெனச்சோம். ஆத்தா எல்லையக் கட்டிட்டா. அவ விடாதப்ப நாம என்னத்தச் செய்ய, இல்லடி?”

இத்தனை நாளும் அவள் சோறு தின்றதும் தூங்கியதும் இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதை உருவுவதற்கு என்னிடம் அரை நிமிடப் பேச்சு இருக்கிறது.

“ஆமாம்மா” என்றேன்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

இனி அவள் கேட்கும்போதெல்லாம் இதைச் சொல்ல வேண்டும், மதினி. அடிக்கடி கேட்பாள். நான் பிழைத்தால் அருகே இருந்து சொல்வேன். ஒவ்வொரு தடவையும் உன்னை ஆத்தாள்தான் விடவில்லை என்று ஒப்புக்கொள்வேன். உன்னிடம் மட்டும், இல்லை என்று சொல்லி வைக்கிறேன்.